நொவீனாவிலிருந்து ஓபிர் ரோட்டுக்கு

சிங்கப்பூரில் எங்கள் செங்காங்கில் ரயிலேறினால் டோபி காட் வருவதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்துவிடும். பல வருஷமாக என் கணக்கு அதுதான். 53 'அருள் நிறைந்த மரியே'. கைப்பைக்குள் விரல் மணியை உருட்டும், உதடு அசையும். மனசு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன, யாருடைய மெயிலுக்குப் பதில் போடவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது 'முடிச்சாச்சு' என்று ஒரு நிம்மதி வரும். கரண்ட் பில் கட்டினால் வருமே, அந்த நிம்மதிதான்.

என் மகன்தான் அதைப் போட்டு உடைத்தான். தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிறு பூசைக்கு வரமாட்டேன் என்றான். எனக்குக் கோபம். "உனக்காக ஜெபம் பண்ணியே என் தொண்டை வறண்டு போச்சுடா" என்றேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "நீங்க ஜெபம் பண்றீங்களா ம்மா, இல்ல எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் கை கூசுகிறது. "போ, ரெண்டு வருஷம் அங்கேயே கிட. அப்பத்தான் புத்தி வரும்." பிறகு படகில் கூடவே போய், தேக்கோங் தீவில் அவன் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்து, அங்கே கொடுத்த சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவன் அப்பாவிடம் பேசினான். என்னிடம் "சரிம்மா" மட்டும்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருப்பே கொள்ளாமல் நொவீனாவுக்குப் போனேன். தாம்சன் ரோட்டில் இருக்கும் புனித அல்போன்சுஸ் ஆலயம் என்றால் டாக்சிக்காரர்களே யோசிப்பார்கள். நொவீனா சர்ச் என்றால்தான் தெரியும். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கே அங்கே நடக்கும் நொவீனாவின், அதாவது நவநாள் ஜெபத்தின், பெயர்தானே. சனிக்கிழமைகளில் சீனர், தமிழர், பிலிப்பினோ என்று எல்லாரும் வருவார்கள். நெற்றியில் விபூதியோடு வந்து கைகூப்பி நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கலாம். நன்றிக் கடிதங்கள் சிலவற்றை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார்கள்.

நானும் எழுத உட்கார்ந்தேன். 'ஆண்டவரே, என் மகனைக் காத்தருளும்படி தாழ்மையுடன் இறைஞ்சி மன்றாடுகிறேன்.' எழுதியதைப் படித்தால், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு எழுதும் லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு இன்னொரு தாள். அதிலும் அதே 'காத்தருளும்'. காப்பாற்றச் சொல்வது பொய்யில்லை. ஆனால் என் நெஞ்சில் உறுத்தியது அது இல்லையே. நான் சொன்ன சொல்லை அவன் மறக்க வேண்டும். அதை எப்படி இந்தத் தமிழில் எழுதுவது? பேனாவை மூடி வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே சதா சகாய மாதா படம். 1866-இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர், உலகமெங்கும் தெரியப்படுத்துங்கள் என்று ரெதம்ப்டரிஸ்ட் துறவு சபையாரிடம் ஒப்படைத்த படத்தின் நகல். எங்கள் ஊர் வீட்டிலும் இது காலண்டரில் தொங்கியது, எத்தனையோ தடவை பார்த்த படம். அன்றைக்குத்தான் அந்தச் செருப்பு கண்ணில் பட்டது. குழந்தை இயேசுவின் ஒரு காலில் செருப்பு கழன்று, வாரில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் வானதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி நிற்கிறார்கள். அதைப் பார்த்துப் பயந்து பிள்ளை ஓடி வந்து அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடிய வேகத்தில் கழன்ற செருப்பு என்று விளக்கம் சொல்வார்கள். 'தாழ்மையுடன் இறைஞ்சுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளையும் அம்மாவிடம் ஓடி வராது.

நவநாள் முடிந்து வெளியே வந்தேன். லூர்து அன்னை ஆலயம் வரை நடந்தே போவோம் என்று தோன்றியது. மூன்று கிலோமீட்டர்போல இருக்கும். எங்கள் ஆத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கில் நடந்தவர். இதைப் பாதயாத்திரை என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் ஆத்தாவுக்கு சிங்கப்பூரின் மாலை நாலு மணிப் புழுக்கம் தெரியாது.

கம்போங் ஜாவா ரோடு வழியாக வந்தால் கேகே மருத்துவமனை. அவன் பிறந்த இடம். நடைபாதையில் கொஞ்சம் நின்றேன். இருபது மணி நேர வலியில் அன்றைக்கு நான் ஜெபமாலை எண்ணவில்லை. "அம்மா, மாதாவே, முடியல" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு ஜெபம் நான் பண்ணியதே இல்லையோ என்று ஒரு யோசனை ஓடியது.

ஓபிர் ரோட்டில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் 1888-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குயீன் ஸ்திரீட்டில் இருக்கும் இராயப்பர் சின்னப்பர் கோயிலில் சீனர்களோடு சேர்ந்து பூசை பார்த்தார்கள். நமக்கென்று எழும்பிய முதல் கோயில் இதுதான். பிரான்ஸ் லூர்து பசிலிக்காவைப் பார்த்துக் கட்டியது, 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த புதிதில், தமிழில் பூசை கேட்டு நான் அழுதது இங்கேதான்.

மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தேன். லூர்தில் மாதாவைக் கண்ட பெர்னதெத்தின் கதையை ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 1858 பிப்ரவரி 11, விறகு பொறுக்கப் போன 14 வயசுப் பெண். குகையில் ஓர் அம்மாவைப் பார்த்ததும் பயத்தில் ஜெபமாலையை எடுத்தாள். நெற்றிக்குக் கை எழும்பவில்லை. அந்த அம்மா சிலுவை அடையாளம் போட்ட பிறகுதான் இவளுக்கும் வந்தது. இவள் ஜெபமாலை சொல்லச் சொல்ல, அந்த அம்மா மணிகளை மட்டும் விரலில் தள்ளிக்கொண்டு வந்தார்களாம், உதடு அசையவில்லையாம். என்னுடையது இதற்கு நேர்தலைகீழ் என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுக்கொண்டு இருப்பதற்கும் ஜெபமாலையில் இடம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த வாரம், பெரியவர்கள் பேச்சைக் கேட்டு, பேனாவும் தாளும் கொண்டுபோய் "உங்கள் பெயரை எழுதித் தாருங்கள்" என்று நீட்டினாள் பெர்னதெத். நான் சொல்லப்போவதை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று பதில் வந்தது. பிறகு, தயவுசெய்து 15 நாள் இங்கே வருவீர்களா என்று கேட்டார்கள். வா என்றில்லை, வருவீர்களா. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்ணிடம், அவள் வீட்டில் பேசும் வட்டாரப் பேச்சிலேயே, அவ்வளவு மரியாதை. என் வயிற்றில் பிறந்தவனிடம் நான் சொன்னது 'கிட'.

பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி மெழுகுவத்தியைப் பற்றவைக்க முடியாமல் காற்றோடு போராடிக்கொண்டிருந்தார். கையைக் குவித்து மறைத்தேன். பற்றிக்கொண்டது. தலையாட்டிவிட்டு, அவர் வாய்க்குள் ஏதோ பேச ஆரம்பித்தார். யாரிடமோ முறையிடுகிற மாதிரி, கையை எல்லாம் ஆட்டி. நானும் சொன்னேன்: "மாதாவே, நான் தப்பாப் பேசிட்டேன். அவன் என்கூடப் பேசணும். எனக்குப் பயமா இருக்கு." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வராததை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. அரை மணி நேரம் சும்மா இருந்தேன். கொசு கடித்தது.

தேக்காவில் ஒரு தே தாரே டீ குடித்துவிட்டு லிட்டில் இந்தியாவில் ரயிலேறினேன். மகனுக்கு ஒரு மெசேஜ்: 'அன்னைக்கு அம்மா சொன்னது தப்பு. சாரிடா.' அவர்களுக்கு ராத்திரிதான் ஃபோன் கைக்கு வரும்.

பிறகு ஜெபமாலையை எடுத்தேன். சனிக்கிழமை, மகிழ்ச்சி தேவரகசியங்கள்; ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டிய ஐந்து நிகழ்ச்சிகள். ஐந்தாவது, காணாமல்போன இயேசுவைக் கோயிலில் கண்டது. நேராக அதிலேயே ஆரம்பித்தேன், முறைப்படி தப்புதான். மூன்று நாள் தேடி அலைந்த தாய், 12 வயசு மகனைப் பார்த்ததும், ஏன்டா எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று கேட்கிறாள். பிள்ளை ஏதோ பதில் சொல்கிறது. அது அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் இந்தத் தேவரகசியத்தை. ஓர் அம்மா மகனைத் திட்டுகிற இடம் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

செங்காங் வந்தபோது அந்தத் தேவரகசியத்தின் பத்து ஜெபமாலை மணிகளில் ஏழாவதில் இருந்தேன். புளோக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சம் மூன்றையும் சொன்னேன்.