குடல் கழுவப் போகிறவர்கள் டாக்டர் கடிதத்தோடு போங்கள்

கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்காகக் குடிக்கச் சொல்லும் பேதிக் கரைசல் எனக்கு வயிற்றில் நிற்கவில்லை. பாதிக்கு மேல் வாந்தி. குடல் கலங்கலாகவே இருந்ததால் பரிசோதனையைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை, ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவும் ஹைட்ரோதெரபியை முயலலாம் என்று டாக்டரே சொன்னார்.

முதலில் போன மையத்தில் "உடம்புல இருக்கிற நச்செல்லாம் போயிடும்" என்று ஒரு பேக்கேஜை விற்கப் பார்த்தார்கள். கொலோனோஸ்கோபிக்காக என்றதும் "அது நாங்க பண்றதில்லையே" என்றார்கள். நல்லவேளை. நச்சு நீக்கும் கதைக்கு ஆதாரம் கிடையாது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ இந்த வகைக் கருவிகளுக்கு அனுமதி தந்திருப்பதே பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்யத்தான்.

இரண்டாவது மையம் சரியான இடம்தான், ஆனால் துண்டுச் சீட்டு செல்லாதாம். என்ன பரிசோதனை, எத்தனை மணிக்கு என்று எழுதிய டாக்டர் கடிதம் வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், உப்புச்சத்துகளான சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வேண்டும். போனில் கேட்டபோது இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், நேரில் போனபின் திருப்பி அனுப்பினார்கள். காரணம் நியாயமானதுதான்: இவ்வளவு தண்ணீர் உள்ளே போனால் உப்புச்சத்து நிலைகுலையலாம். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, குடல் அழற்சி, சமீபத்தில் குடல் அறுவை சிகிச்சை என்று எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடலில் ஓட்டை விழும் அபாயம் அரிது என்றாலும் இல்லாமல் இல்லை.

கழுவுவது பெரிய விஷயமில்லை. பென்சிலைவிட ஒல்லியான குழாய், அவ்வப்போது வயிற்றில் ஒரு முறுக்கல், ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்த தண்ணீர்.

அப்புறம் கொலோனோஸ்கோபி செய்யும் எண்டோஸ்கோபி பிரிவு. "மருந்து எத்தனை மணிக்குக் குடிச்சு முடிச்சீங்க?" குடிக்கவில்லை என்றேன். நர்ஸ் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஹைட்ரோதெரபிக்கு அதில் கட்டமே இல்லை. "குடிக்காம எப்படிங்க உள்ள விடறது?" கழுவி முடித்த நேரத்தை எழுதி மையத்தில் வாங்கி வைத்திருந்த சீட்டுதான் காப்பாற்றியது. டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஓரத்தில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கழுவுவதற்கும் பரிசோதனைக்கும் இடையில் சில மணி நேரம்தான் இருக்க வேண்டும். தாமதமானால் சிறுகுடல் நீர் இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் மறுபடி படிந்துவிடும். கழுவுகிறோமே என்று பத்தியத்தையும் விடக்கூடாது: முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும், சிவப்பும் ஊதாவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வலப்பக்கம் 2, நடுவில் 3, இடப்பக்கம் 3 என்று ரிப்போர்ட்டில் இருந்தது. குடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு சுத்தம் என்று 3-க்கு மதிப்பெண் போடும் பாஸ்டன் அளவுகோலில் மொத்தம் 9-க்கு 8. குடலின் உட்சுவரில் வளர்ந்திருந்த ஒரு சின்ன பாலிப்பையும் (சதை வளர்ச்சி) அப்போதே எடுத்துவிட்டார்கள். அந்த நர்ஸிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வர ஆசைதான். மயக்கம் முழுதாகத் தெளியாததால் விட்டுவிட்டேன்.