வாசிப்பும் எழுத்தும்
இம்மாதம் வாசித்தவை ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பவை. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி, இடையிடையே குறுந்தொகை. ‘என் சரித்திர’த்தில் சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மனத்திலேயே பாடலை அமைத்துச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிய காட்சிகளை வாசித்த பிறகு, நானும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுதுகிறேன்; ஓசை இடறும் இடத்தில் பெரும்பாலும் பொருளும் தெளிவற்றிருக்கிறது. அகராதியை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதும் (பலருக்கு இது வியப்பாக இருக்கலாம்) எனக்குப் பேரின்பம். நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் நிலமும் பொழுதும் மனமும் அடங்கிவிடும் குறுந்தொகைதான், எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையின் நீண்ட தொடக்கத்தை ஒரே பத்தியாகச் சுருக்கும் துணிவை எனக்கு அளித்தது.