மழைக்காலத்து பாலிஷும் ஒரு அயனி பெஞ்சும்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் விளையில் (தோப்பில்) விழுந்த மரங்களில், பலா இனத்தைச் சேர்ந்த ஒரு அயனியும் உண்டு. அதை மில்லில் அறுத்து ஒன்றரை இஞ்சுப் பலகைகளாக்கி, இடையிடையே குச்சி வைத்து தொழுவத்துப் பரணில் அடுக்கியிருந்தோம். காற்றில் உலர்த்தும் மரத்துக்கு ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் இது எப்போதோ காய்ந்த மரம். அதில் வராந்தாவுக்கு ஒரு பெஞ்சு செய்யலாம் என்று கீழே இறக்கினேன்.

காய்ந்த மரம் என்றாலும் நம் ஊரில் அதற்கு ஒரு வரம்பு உண்டு. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் அளவில் நின்றால், கூரைக்கடியில் கிடக்கும் மரமும் 16 சதவீதம் வரை ஈரம் பிடித்துத்தான் நிற்கும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று இரண்டையும் வாங்கும் மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. பலகை மழையில் அகலவாக்கில் வீங்கும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அது அசைவது மிகச் சொற்பம். அதனால் மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தில் பசை போட்டு ஒட்டவில்லை. நடுவில் மட்டும் ஸ்க்ரூவை இறுக்கமாகக் கொடுத்தேன். ஓரத்து ஸ்க்ரூக்களுக்கு ஓட்டையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிவிட்டால், பலகை விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். வெடிப்பு விடாமல் இருக்க இதுதான் வழி.

இழைப்புளி போடும்போது சில இடங்களில் நார் எதிர்த்து நின்று பிய்ந்தது. அங்கே இழைப்புளியைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, அலகை மிக மெலிசாக வெளியே விட்டுச் சீவினால் அடங்கும். அப்புறம் உப்புத்தாள்: 80, 120, 180 நம்பர், எல்லாம் மரத்தின் ரேகை ஓடும் திசையில். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. நார் எழும்பி நிற்கும், காய்ந்ததும் அதை மெல்ல எடுத்துவிட்டால் பிறகு பாலிஷ் அடிக்கும்போது சொரசொரப்பு வராது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

எதைப் பூசுவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்றாள். தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெய் இல்லை. மரத்தில் பிசுபிசுப்பாகவே நின்று தூசி பிடிக்கும், நாளானால் காறல் வாடையும் வரும். பக்கத்து வீட்டு மாமா அண்டித்தோட்டு எண்ணெயை, அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைச் சொன்னார். கூரையின் கழிக்கோலுக்கும் உத்தரத்துக்கும் கரையான் வராமல் இருக்க அதைப் பூசுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான். ஆனால் அது மரத்தைக் கருப்பாக்கும், பச்சையாகத் தோலில் பட்டால் பொள்ளும். மனிதர் உட்காரும் இடத்துக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

மிச்சம் அரக்கு, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), பி.யூ எனும் பாலியூரித்தேன் வார்னிஷ். மூன்றையும் வெட்டுத் துண்டுகளில் பூசி, ஆனி மழையோடு வராந்தாவில் வைத்துவிட்டேன். வேண்டுமென்றே மழை நாளில்தான் பூசினேன்.

அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்குச் சீவல் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டினேன். தகர டப்பா வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். அந்தத் துண்டைத் தெருவில் இருக்கும் மூத்த ஆசாரியிடம் காட்டினேன். மேலெல்லாம் பனி படிந்ததுபோல வெளுத்திருந்தது. அவர் சிரித்தார்.

"மழை நிக்கும்போ அரக்கு அடிச்சா இப்படித்தான் மக்களே. தை மாசம் அடிச்சுப் பாரு."

"அப்போ இது போச்சா அண்ணாச்சி?"

"ஏன் போவுது? நல்ல வெயில் நாளா பாத்து, துணியில கொஞ்சம் ஸ்பிரிட்டு தொட்டு லேசா ஓட்டு. தெளிஞ்சிரும்."

காரணம் எளிது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் வந்து படிந்து அரக்குப் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அவர் சொன்னபடி ஒரு வெயில் நாளில் செய்தேன், வெளுப்பு போனது. ஆனாலும் சூடான டீ டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். வராந்தாவுக்கு அரக்கு ஆகாது.

லின்சீட் ஆயில் துண்டுதான் பார்க்க அழகு. அயனியின் மஞ்சள் ஆழ்ந்து தேன் நிறத்துக்கு வந்தது. ஆனால் சுவரைப் பார்த்த பக்கத்தில் சில வாரங்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. இந்த எண்ணெய் பூஞ்சைக்குத் தீனி, நம் ஈரத்தில் சொல்லவே வேண்டாம். இன்னொரு விஷயம், இது முக்கியம்: லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூட்டை வெளிவிடும். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

பி.யூ துண்டின் மேற்பரப்பில் ஒன்றும் ஆகவில்லை. வாள் பட்ட முனையில் மட்டும் பூசாமல் விட்டிருந்தேன். அங்கே தண்ணீர் ஏறி, படலம் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பித்தது. முனையில் மரத்தின் குழாய்கள் திறந்து கிடக்கின்றன, தண்ணீர் மற்ற இடத்தைவிட அங்கே வேகமாக ஏறும்.

ஆகவே பெஞ்சுக்கு வெளிப்புற வேலைக்கான, டர்பன்டைனில் கரையும் பி.யூ. முதல் கோட்டை டர்பன்டைன் கலந்து நீர்க்க விட்டேன், மரம் குடிக்கட்டும் என்று. அடுத்தடுத்ததைத் துணியால் மெலிசாகத் தேய்த்தேன். பிரஷ் கோடு விழாது, கனமான படலமும் சேராது. முனைகளுக்கும் கால்களின் அடிக்கும் கூடுதலாகக் கொடுத்தேன். கழுவிவிடும் வராந்தாவில் பெஞ்சு முதலில் அழுகுவது காலடியில்தான், அதனால் ரப்பர் புஷ்ஷும் மாட்டினேன். மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரம் குடித்து பலகை வளையும்.

எப்படிப் பூசினாலும் சாரலை நேராக வாங்கினால் எந்தப் பாலிஷும் தாங்காது என்பது என் எண்ணம். தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் கூரை எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறது, காற்று எப்படி மரச்சட்ட அழிகளின் வழியே ஓடுகிறது என்று கவனியுங்கள். அந்த மரங்களைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்தக் கூரைக்குத்தான். நானும் பெஞ்சை வராந்தா விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, சுவரை ஒட்டாமல் போட்டிருக்கிறேன்.

பரணில் இன்னும் பலகை இருக்கிறது. பூஜை அறைக்கு ஒரு சின்ன அலமாரி அடித்து, அதற்கு அரக்கு கொடுக்க எண்ணம். மரவேலையை இப்போதே முடிக்கலாம், பூச்சு தை வெயிலில்தான். அரக்கைக் கரைப்பதும் அப்போதுதான். கரைத்துப் பல மாதம் வைத்த அரக்கு சரியாகக் காயாது.