ஊழும் நியதியும் ஒன்றல்ல: இரண்டாம் முறை உயர்தரம் எழுதியவளின் அனுபவம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து நான்கு நாள் ஆகிறது. இந்து நாகரிகத்துக்கு ஏ. முதல் முறை இதே பாடத்துக்கு எஸ், வெறும் சாதாரண சித்தி. இடையில் என்ன செய்தாய் என்று கேட்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டமும் வினாத்தாள் அமைப்பும் உங்களுக்குத் தெரியும். என்னைக் கவிழ்த்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஊழ்.

முதல் முறை வினைக் கோட்பாட்டைப் பற்றிய கேள்வியைக் கண்டதும் அத்தனை மகிழ்ச்சி. நான்கு பக்கம் எழுதினேன். “எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது, முயற்சியால் மாற்ற இயலாது, இதுவே சைவசித்தாந்தம் கூறும் ஊழ்” என்று முடித்தேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தபோது கை குளிர்ந்துவிட்டது. நான் எழுதியது சித்தாந்தமே அல்ல, ஆசீவகம் என்ற பழைய சமயம். அதன் ஆசான் மக்கலி கோசாலர் சொன்ன நியதி அது. வீசிய நூற்பந்து நூல் தீரும்வரை உருண்டு அவிழ்வதைப்போல, அறிவாளியும் அறிவிலியும் பிறவிகளைச் சுற்றி முடித்தே துன்பம் நீங்குவர் என்றார் அவர். அங்கே முயற்சிக்கு வேலை இல்லை.

அந்த முதல் முறைப் பெறுபேறு வந்த அன்று மாமி ஒருவர் என் சாதகக் குறிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, “ஏழரைச் சனி நடக்கிறது, பிள்ளை என்ன செய்யும்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னை மூன்று மாதம் புத்தகம் தொடவிடவில்லை. சனி விலகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அம்மம்மா வேறு மாதிரி. விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, “எப்பவோ முடிந்த காரியம், பிள்ளை. எழும்பிப் படி” என்றார். யாழ்ப்பாணத்து ஞானியான யோகர் சுவாமிகளின் இந்த வாக்கு இங்கே எந்த வீட்டில்தான் கேட்காது? நல்லூர்த் தேரடியில் தம் குரு செல்லப்பா சுவாமிகளிடம் அவர் பெற்ற மகாவாக்கியங்களில் ஒன்று. எல்லாம் முடிந்ததென்றால் பிறகு ஏன் எழும்பிப் படிக்க வேண்டும்? அன்று இரவு முழுவதும் இதையே யோசித்தேன். மாமியும் அம்மம்மாவும் சொன்னது ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் மாமியின் சொல் வரப்போவதற்குக் கதவைச் சாத்தியது. அம்மம்மாவின் சொல் நடந்துபோனதை இறக்கிவைக்கச் சொன்னது.

அதன் பிறகு, ‘விதி’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் மூன்று கேள்வி கேட்டேன். என் ஏ சித்தி இதனால் வந்தது என்றே நம்புகிறேன்.

1. தீர்மானிப்பது யார்? ஆசீவகத்தில் எவரும் இல்லை, நியதி மட்டும். சித்தாந்தத்தில் வினை நம்முடையது. ஆனால் அது சடம் (அறிவற்றது), தானாக வந்து உயிரைச் சேராது, இறைவனே கூட்டுவிக்கிறான். கிறிஸ்தவ நாகரிகம் எடுத்த தோழியிடம் கேட்டபோது, கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கல்வின் சொல்லும் முன்குறிப்பில் (யார் மீட்கப்படுவர் என்று இறைவன் முன்பே குறிப்பதில்) மீட்பு மனிதரின் நற்செயலைப் பார்த்து வருவதில்லை, இறைவனின் சித்தம் மட்டுமே என்றாள். மூன்றும் மூன்று வழி.

2. எதனால்? சித்தாந்தத்தில் நாம் செய்த வினையால். ஆசீவகத்திலும் கல்வினிடத்திலும் நாம் செய்ததைப் பார்த்து அல்ல.

3. இன்று நான் செய்வதற்கு இடமுண்டா? சித்தாந்தத்தில் உண்டு. சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் பழவினை) மூட்டையில் கிடக்கும் நெல். பிராரத்தம் (இப்பிறவியில் அனுபவிக்கும் வினை) அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோறு, உண்டே தீர வேண்டும். ஆகாமியம் (இப்போது செய்யும் வினை) இன்று வயலில் விதைப்பது. இதை எழுதாமல் வினைக் கோட்பாட்டை எழுதாதீர்கள்.

குறளுக்கு வருகிறேன். எல்லோரும் 380ஆம் குறளான “ஊழிற் பெருவலி யாவுள” என்பதை ஒரு பக்கமும், 620ஆம் குறளான “ஊழையும் உப்பக்கம் காண்பர்” (விதியையும் தோற்கடிப்பர்) என்பதை மறுபக்கமும் வைத்து, முரண் என்றோ முரணில்லை என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். முதலில் 371ஐப் படியுங்கள். சோர்வின்மை ஆகூழால் (ஆக்கம் தரும் ஊழால்) வருகிறது, சோம்பல் போகூழால் (இழப்புத் தரும் ஊழால்) வருகிறது என்கிறார் வள்ளுவர். சோம்பலும் ஊழென்றால் தப்பிக்க வழியே இல்லை என்று மலைத்தேன். பிறகு 618 கண்ணில் பட்டது:

பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து
ஆள்வினை இன்மை பழி.

பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி என்றே பொருள் கொள்கிறார். விதி கூடாமல் போனது ஒருவருக்கும் இழிவு அல்லவாம், அறிய வேண்டியதை அறிந்து முயலாததே இழிவாம். வாசிகசாலை மேசையில் இதைப் படித்தபோது அழுதுவிட்டேன். ஒரு வருடமாக ஊர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தவள் நான்.

மற்றவை சுருக்கமாக:

- விடியற்காலை நான்கு மணிக்குத் தனியே படியுங்கள். கூட்டமாகப் படித்தால் எனக்கு ஏறாது.
- கடந்தகால வினாத்தாள்களைக் கையால் எழுதிச் செய்யுங்கள். வாசித்துவிட்டுத் தெரியும் என்று விடாதீர்கள்.
- மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் கேள்வியில் உள்ள சொல் ஊழா, நியதியா, வினையா என்று பாருங்கள். அந்தச் சொல்லுக்குத்தான் விடை.
- பரீட்சைக்கு முன் குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போகாதீர்கள். வீட்டில் போனாலும், சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள்.

என் கொப்பியை வாசிகசாலையில் கொடுத்திருக்கிறேன். சஞ்சிதம் தொடங்கும் பக்கத்தில் முருங்கையிலைச் சாறு பட்டுப் பச்சையாக இருக்கும். எழுத்து அழியவில்லை.