ஆகஸ்ட், நேவி ப்ளூ

ஆகஸ்ட் 6, 2025, புதன்
ராத்திரி செய்தி. இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா இன்னும் 25 சதவீதம் வரி போடுகிறதாம். ஆபீஸ் குரூப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்
காலையிலேயே மீட்டிங். முதலாளி போர்டில் எழுதினார். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் எப்போதும் இருக்கிற வரி 16.5. இன்றிலிருந்து 25 சேர்ந்து 41.5. வருகிற 27-ம் தேதியிலிருந்து 66.5. "எஃப்.ஓ.பி. விலைதானுங்க, ஏத்தி விடற வரைக்குந்தான் நம்ம செலவு, வரி பையர்காரன் கட்டறது, நமக்கென்ன" என்றார் அக்கவுன்ட்ஸ் அண்ணன். சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. மத்தியானமே பையரிடமிருந்து டிஸ்கவுன்ட் கேட்டு மெயில்.

கையிலிருக்கிற நேவி ப்ளூ ஆர்டரை 27-க்கு முன்னால் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே கஸ்டம்ஸ் கிளியர் ஆகிவிட்டால் இந்த இரண்டாவது 25 கிடையாது. தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினால் அதற்குள் போய்ச் சேராது. ஏரில் அனுப்பி 27-க்கு முன்னாலேயே அங்கே கிளியர் பண்ணுவதுதான் வழி. காசு யாருடையது என்று கேட்டதும் எல்லோருக்கும் டீ ஞாபகம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி
பி.பி. 150/100. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். உப்பையாம்!

ஆகஸ்ட் 11, திங்கள்
செக்கிங் டேபிளில் ஒரு அக்கா நேவி ப்ளூ பீஸை மடித்து, சட்டைக் கையை அதன் உடம்புத் துணிமேல் போட்டுக் காட்டினாள். "இது வேறங்க." தரம் பார்க்கிற கியூ.சி. நான், ட்யூப் லைட்டில் எனக்கே சந்தேகம். வெவ்வேறு விளக்கில் நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். பகல் வெளிச்சம் மாதிரியான டி65-ல் இரண்டும் ஒரே நேவி. கடை ட்யூப் லைட் மாதிரியான சி.டபிள்யூ.எஃப். போட்டதும் கை மட்டும் செவப்படிக்கிறது. ஐரோப்பா ஆர்டர் என்றால் அங்கத்திய கடை விளக்கான டி.எல்.84-ல் பார்ப்போம், அமெரிக்காவுக்கு இந்த விளக்குதான்.

இரண்டு டையிங் லாட், அதாவது தனித்தனியாகச் சாயம் போட்ட துணி, கலந்துவிட்டது. கட்டிங்கில் ஒவ்வொரு லேயருக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் உடம்பும் கையும் ஒரே துணியிலிருந்து சேரும். அவசரம் என்று ஸ்டிக்கரை விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் மிச்சமாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
புரொடக்‌ஷன் மேனேஜரோடு சண்டை. ஃப்ளோரே நின்று பார்த்தது.

"அம்மிணி, கடையில எவன் லைட் பாக்ஸ் வெச்சுப் பாக்கறான்?"
"கடையில எரியறதே அந்த லைட்டுதானுங்ண்ணா."

மெஷினை நிறுத்தினால் டெய்லர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான், திரும்பி வரமாட்டான் என்கிறார். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது பண்டிலை ஏன் என் டேபிளில் எறிய வேண்டும்?

சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பையன்மேல் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்
பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டை. காலரும் கையும் வேற லாட்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, டபுள் சம்பளத்துக்கு மெஷின் ஓடியது. மேனேஜர் எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார். பேசவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்
தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "நீங்க சொல்லுங்க." பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் பெண் சொல்கிறாள், மேனேஜர் சொல்கிறார், இன்று முதலாளியும் சொல்லிவிட்டார். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. சரக்கு போய், பையர் கையில் மாட்டினால் கியூ.சி. பாஸ் பண்ணினாள் என்பார்கள். போகாமல் 66.5-ல் சிக்கினால் கியூ.சி. நிறுத்தினாள் என்பார்கள். நான் பார்க்க வேண்டியது பீஸ். ஏர் செலவு, வரி, டிஸ்கவுன்ட், அடுத்த சீசன் ஆர்டர் எதுவும் என் கையில் இல்லை. என்னிடம் காட்டுவதும் இல்லை. கணக்கு அவர்களிடம், கையெழுத்து மட்டும் என்னிடமா?

மேனேஜரைத் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன். அவருக்கு 27-ம் தேதி, எனக்கு நேவி. ஒரு அறையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் முதலாளி. அவர் தனித்தனியாகப் போன் பண்ணி, ஆளுக்கொரு சமாதானம் சொல்கிறார். சண்டையே அங்கிருந்துதான் வருகிறது.

மணி இரண்டே கால்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்
இறக்குமதிப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத வரியை இன்றிலிருந்து எடுத்துவிட்டார்களாம். டீக்கடையில் ஒரே குஷி. தைத்து முடித்த என் பீஸுக்கு அதனால் என்ன?

ஆகஸ்ட் 20, புதன்
ஒரு பேப்பரில் மூன்று வழி எழுதிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அனுப்புவது, எல்லாவற்றையும் நிறுத்துவது, பிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் காசு, யார் பொறுப்பு என்று இடம் விட்டிருந்தேன். மேனேஜரையும் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொன்னேன். முதலாளி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மெயில்ல போடணுங்களா?" "போட்டா நல்லதுங்க சார்."

போட்டார்! பிரிப்பது. நல்லது ஏரில் போகும், கலந்தது நிற்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்
9,600 பீஸில் 6,100 தேறியது. பிரித்துக் கொடுக்க மேனேஜரே ஆள் விட்டார், அதுவும் கைராசியான நாலு பேர். மிச்சத்தில் லேபிள் வெட்டி, திருப்பூரில் தள்ளுபடிச் சரக்கு விற்கிற காதர்பேட்டைக்கு. அங்கே கிலோ கணக்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி
ஃபைனல் செக்கிங். எத்தனை குறை வரை பாஸ் என்று சொல்கிற ஏ.க்யூ.எல். கணக்கு 2.5, இந்த அளவு லாட்டுக்கு 200 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். மேஜர், அதாவது பெரிய குறை, 10 வரை பாஸ், 11 என்றால் ஃபெயில். எட்டாவது வரும்போது வாய் உலர்ந்துவிட்டது. தையல் விட்டது, எண்ணெய்க் கறை, ஓட்டை. ஷேட், அதாவது நிற வித்தியாசம், ஒன்றுகூட இல்லை. ஒன்பதில் நின்றது.

மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

ஆகஸ்ட் 23, சனி
வண்டி பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியது. தலைவலி போகவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்
விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடிக்கும்போது மெயில்: அடுத்த ஆர்டர் ஹோல்ட். அம்மா கேட்டாள், "யாருடி லீவு நாள்ல?" "விக்கல் மாதிரி, வந்துட்டே இருக்கும்மா."

ஆகஸ்ட் 29, வெள்ளி
செக்கிங்கில் ஆள் குறைக்க வேண்டுமாம். பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் போன். "நீங்க சொல்லுங்க."

ஆகஸ்ட் 30, சனி
சம்பள நாள். கவர் கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கை வேற லாட் என்று கண்டுபிடித்த அக்கா சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கடைசியாக வந்தவர் முதலில் என்றால் அவள் பெயர்தான் மேலே வரும்.

எந்த அடிப்படையில் குறைப்பது என்பதை மெயிலில் போடுங்கள், பிறகு எழுதுகிறேன் என்றேன். திங்கள் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.