மச்சினன் வண்டியும் நான் சுமந்த கல்லும்

மச்சினன் ஃபோர்வீல் ட்ரைவ் வண்டி எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, அது அதுவரைக்கும் ஏறின பெரிய மலைன்னா அவங்க தெரு ஸ்பீட் பிரேக்கர்தான். அது அவனுக்கு உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருந்திருக்கும் போல, கொடைக்கானல் கீழ்மலைல தாண்டிக்குடி பக்கம் தெரிஞ்சவர் காப்பித் தோட்டம் இருக்கு, உள்ள எல்லாம் மண் ரோடுதான் வாங்க மாமான்னு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஏத்திட்டான். முன்னாடி நான், பின்னாடி என் வீட்டம்மா, பக்கத்துல மடியில புளியோதரை தூக்கோட மாமியார்.

மலை மேல 4,000 அடிக்கு மேல ஏறி வர்ற தார் ரோடு வரைக்கும் சொகுசுதான். தோட்டத்து கேட்டைத் தாண்டினதும் நேரா மேடு. முந்தின ராத்திரி மழை வேற, சில்வர் ஓக் நிழல்ல காயாத செம்மண்ணு, அது மேல சருகு. தோட்டத்து ஜீப் ஓட்டுற பெரியவர் ஒருத்தர் வந்தார், காப்பி மூட்டை மிளகு மூட்டைன்னு இறக்கியே முடி நரைச்ச ஆளு. "ஒரு தடவ எறங்கி நடந்து பாத்துட்டு வந்துருங்க தம்பி, கல்லு எங்க பள்ளம் எங்கன்னு தெரியணும்ல" ன்னார். இவன் "வீடியோல எல்லாம் பாத்துட்டேன்ணே" ன்னான். இந்த ரோட்டையேவா பாத்தேன்னு நான் கேக்கல, பின்னாடி மாமியார் இருக்காங்க.

பெரியவர் என்னைப் பாத்தார். "சார் நீங்க சும்மாதான வர்றீங்க, டயருக்கு முட்டு குடுக்க இதப் புடிங்க" ன்னு அம்மிக்கல்லுல பாதி சைஸ்ல ஒரு கல்லைத் தூக்கி மடியில வச்சுட்டார்.

மேடு ஏற ஆரம்பிச்சோம். கியர் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கு, லோ ரேஞ்ச், அதைப் போட்டா வேகம் பாதிக்கும் கீழ போயிரும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். அது சேத்துல மாட்டினாதான் போடுறதுன்னு இவனா முடிவு பண்ணி செகண்ட் கியர்ல அரைக் கிளட்ச்ல உறுமிட்டுப் போறான். உள்ள ஒரே கிளட்ச் தீய்ஞ்ச வாடை. மாமியார் பாவம் தூக்கைத் திறந்து புளியோதரையை மோந்து பாக்கறாங்க.

பாதி மேட்டுல வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி ஆஃப். இவன் பயத்துல கிளட்சை மிதிச்சுட்டான், வண்டி பின்னாடி உருளுது, திருப்பிரலாம்னு ஸ்டீயரிங்கை வேற ஒடிக்கறான். "ஒடிக்காத! பிரேக்க மிதி!" ன்னு கீழருந்து பெரியவர் ஒரு கத்து. அதுக்குள்ள நான் கடமை தவறாத ஆளுங்கறதால கல்லோட குதிச்சுட்டேன். இவன் பிரேக்கை மிதிச்சு வண்டி நின்னுச்சு, அப்புறம் எனக்குத்தான் திட்டு. "நின்ன வண்டிக்குத்தான் சார் கல்லு, உருள்ற வண்டிக்கு யாராச்சும் காலைக் கொடுப்பாங்களா?"

அப்புறம் அவரே உக்காந்தார். பிரேக்கை விடாம மிதிச்சுக்கிட்டே லோ ரேஞ்ச், ரிவர்ஸ் கியர், ஸ்டார்ட், கிளட்சை மெதுவா விட்டு அப்புறம்தான் பிரேக்கை விட்டார். வந்த தடத்துலயே நூல் புடிச்ச மாதிரி நேரா பின்னாடி எறக்கிட்டார். மலைக்கு மூஞ்சியக் காட்டு இல்ல முதுகக் காட்டு, இடுப்பக் காட்டுனா உருட்டிரும், அவ்வளவுதான் அவர் பாடம். மறுபடி லோ ரேஞ்ச் ஃபர்ஸ்ட்ல ஏறினார், நடந்து போற வேகம்தான், ஒரு உறுமல் இல்ல. எறங்கறப்பவும் அதே கியர், ரெண்டு காலையும் மடக்கி வச்சுக்கிட்டார். "இன்ஜினே புடிச்சுக்கும் தம்பி, எறக்கம் பூரா பிரேக்க மிதிச்சுட்டே வந்தா அது சூடாகி வேணுங்கறப்ப புடிக்காது. கிளட்ச தொட்டீங்கன்னா இன்ஜினும் கைய விட்டுரும்." மச்சினன் பவ்யமா தலையாட்டறான், எங்க கிட்ட ஒரு நாளும் அப்படி ஆட்டினதில்ல.

கிளம்பறப்ப நாலு மலை வாழைத்தாரை மேல கேரியர்ல கட்டினான். பெரியவர் ஒண்ணும் பேசாம அவுத்து எறக்கினார், தலை கனத்தா வண்டி சாயும்னு. தாரெல்லாம் அவர் ஜீப்ல ஏறுச்சு, கூடவே புளியோதரை தூக்கோட மாமியாரும் ஏறிட்டாங்க. "நீங்க வாங்கப்பா, நான் வாழைத்தாரப் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து பாத்தா கல்லு இன்னும் என் காலடியில. இப்ப எங்க வீட்டு கேட்டுக்கு அதான் முட்டு.