மெஷினைப் பிரஷ் மேல் நிற்க வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஆபீஸில் ராத்திரி கார்ப்பெட் வேலை. எங்களுடைய 17 இன்ச் சிங்கிள் டிஸ்க் மெஷினை (அடியில் ஒரே ஒரு வட்டப் பிரஷ் சுழன்று தேய்க்கும் மெஷின்) ஆன் பண்ணியதும் கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்தது. கைப்பிடியைத் தாழ்த்தினால் இடப்பக்கம், உயர்த்தினால் வலப்பக்கம், இதுதான் அதன் ஓட்டம். அன்றைக்கு என்ன செய்தாலும் அதன் இஷ்டம்தான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு கியர் பாக்ஸ் போயிருக்கும் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கம் சாய்த்துப் பிரஷ்ஷைக் கழற்றினால் ஒரு பக்கத்து நைலான் நாரெல்லாம் படுத்துக் கிடக்கிறது. மூன்று வாரம் ஈரப் பிரஷ் மேலேயே மெஷினை நிறுத்தி வைத்திருந்தோம், அத்தனை கனமும் அந்த நாரின் தலையில். வெந்நீரில் ஊறவைத்து, நார் மேலே பார்க்கக் காயவைத்ததில் ஓரளவு நிமிர்ந்தது, ஆனாலும் புதுப் பிரஷ் வாங்க வேண்டியதாகிவிட்டது. இப்போது வேலை முடிந்ததும் பிரஷ் ஆணியில் தொங்கும், மெஷின் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும்.

கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் பிரஷ் மாட்டும் கிளட்ச் பிளேட்டைச் சுற்றித் தலைமுடி, கார்ப்பெட் நூல், அதற்குள் இரண்டு ஸ்டேப்ளர் பின், எல்லாம் திரண்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு. பிளேடால் கீறித்தான் எடுத்தேன். இது சேரச் சேர பிரஷ் சரியாக உட்காராது, ஆட்டம் காணும்.

ஷாம்பு டேங்க்கில் மிச்சத்தை விட்டுவைத்தால் குழாயிலேயே காய்ந்து பிசினாகிவிடும், அதனால் கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீரை விட்டு ஓட்டிவிடுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, ஷாம்பு இறங்கும் துவாரங்களில் வெள்ளையாகப் படியும். வினிகரில் பாதி தண்ணீர் கலந்து சற்று நேரம் வைத்து அலசினால் போய்விடுகிறது. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம் (எங்கள் பையன் ஒருவன் ஊற்றப் போனான், நல்லவேளை பார்த்துவிட்டேன்).

வயரைச் சுற்றும்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சுற்றுவேன், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். வெட்டுக் காயம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும், அதுவும் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் விரியும். டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், ஈரத்தில் நின்று செய்கிற வேலை இது, வயரையே மாற்றுங்கள்.

அப்புறம் தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம். உள்ளே இருக்கும் மிதவை தண்ணீரைத்தான் தடுக்கும், நுரையைத் தடுக்காது, நுரை நேரே மோட்டாருக்குப் போகும். டேங்க்கில் கொஞ்சம் நுரையடக்கி ஊற்றுங்கள், இரவில் மூடியைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் நாறும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே ஆஃப் பண்ணுங்கள், பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் காரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும் என்பதால் நான் தொடுவதில்லை, அதே மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறேன். வரும்போதெல்லாம் கியர் பாக்ஸை ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே சார் என்கிறார்.